நாவலடிப் பக்கம் நங்கூரத்தில நிக்கிற பாய்ப்படகில குடும்பமா ஒரு மாசம்: என்னென்ன ஒழுங்கு தேவை?

கல்லடிக்காத்து:

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட் மாசம் முழுக்கக் குடும்பத்தோட பாய்ப்படகில தங்குறதா இருக்கிறம். படகு மட்டக்களப்பு வாவிக்குள்ள, நாவலடிக்கும் பாலமீன்மடுவுக்கும் இடையில ஏற்கெனவே நங்கூரத்தில நிக்குது. ஓட்டுற எண்ணம் இல்ல, நிண்ட இடத்திலதான் சீவியம்.

படகு 33 அடி ஃபைபர், ரெட்டைக் கீல் (அடியில நீட்டிக்கொண்டு நிக்கிற ரெண்டு தகடு), தண்ணிக்குள்ள 1.2 மீற்றர் இறங்கும். 15 கிலோ கலப்பை நங்கூரம், 20 மீற்றர் 8 மி.மீ சங்கிலி, அதோட 30 மீற்றர் 14 மி.மீ நைலோன் கயிறு. நல்ல தண்ணித் தாங்கி 180 லீற்றர். 100 ஆம்பியர் மணி ஈய பற்றரி ரெண்டு, 100 வாட் சோலார் தட்டு ஒண்டு. ரெண்டு வாய் காஸ் அடுப்பு. மலசலகூடம் கையால பம்ப் பண்ணுறது, கழிவு நேரா வெளியில போகும், தேக்கித் தாங்கி கிடையாது.

நானும் மனுசியும், 9 வயசு மகள், 4 வயசு மகன். கிழமை முடிவில மாமி (63 வயசு) வந்து நிப்பா. தண்ணி எவ்வளவு வேணும், சமையலை எப்பிடி வைக்கிறது, சின்னவனை எப்பிடிக் காப்பாத்துறது, மலசலகூடத்துக்கு என்ன வழி, கரண்ட் காணுமா? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் விபரமாச் சொல்லுங்க.

வாவித்தோணி:

தம்பி, முதல்ல காத்தையும் நங்கூரத்தையும் பேசுவம். சமையல், நிழல், படுக்கை எல்லாம் அதுக்குப் பிறகுதான் அமையும்.

ஓகஸ்டில எங்கட பக்கம் காத்து ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கிறுகும். இரவும் காலமையும் தரையிலயிருந்து கச்சான், மேற்கு அல்லது தென்மேற்கால. தரை சூடேற ஏறக் கச்சான் விழும், கொஞ்ச நேரம் ஒரு காத்தும் இராது, மறுகா மத்தியானத்தோட கிழக்கால கடல்காத்துப் பிடிக்கும். பொழுதுபட்டாப் பிறகு அதுவும் அடங்கித் திரும்பக் கச்சான். கச்சான் கடுமையா அடிக்கிற நாளில கடல்காத்து உள்ள வராமலே போகும், அது வேற. நங்கூரத்தில நிக்கிற படகு எப்பவும் காத்துக்கு முகம் குடுத்து நிக்கும். அப்ப உங்கட படகு காலமை மேற்கைப் பாத்து, பின்னேரம் கிழக்கைப் பாத்து, நங்கூரத்தைத் தாண்டி மற்றப் பக்கம் போய் நிக்கும்.

இதால வாற முதல் சிக்கல் இடம். அந்த இடத்தில ஆழம் 2.5 மீற்றர், முன்னணியம் தண்ணிக்கு மேல 1.2 மீற்றர் எண்டு வைப்பம். கூட்டினா 3.7. சங்கிலியும் கயிறும் கலந்து விடுறதால அதின்ட 7 மடங்கு வேணும், 26 மீற்றர் வரும். அதோட படகின்ட நீளம் 10 மீற்றர். நங்கூரம் விழுந்த புள்ளியிலயிருந்து சுத்திவர 36 மீற்றருக்குள்ள ஒரு வலைக்கம்பும், ஒரு மேடும் இருக்க ஒண்ணா. சின்னத் தோணியில போய், ஈயக்குண்டு கட்டின கயிறால வட்டத்தைச் சுத்தி 15, 20 இடத்தில ஆழம் பாருங்க. எந்த இடத்திலயும் 1.7 மீற்றருக்குக் குறைய ஒண்ணா. வாவி ஆழமான தண்ணி இல்ல, கரையை அண்டி மேடு சட்டெண்டு ஏறும்.

ரெண்டாவது, கயிறு. காத்து விழுந்த நேரத்தில படகு தன்ட கயிறுக்கு மேலயே மிதந்து வரும். அந்த நேரம் தொய்ஞ்ச நைலோன் ரெட்டைக் கீலுக்குள்ளயோ சுக்கானிலயோ மாட்டினா, கடல்காத்து பிடிச்ச உடன படகு பக்கவாட்டில இழுபட்டு நங்கூரத்தைப் பிடுங்கும். கூடப் 10 மீற்றர் சங்கிலி வாங்கி 30 ஆக்கினா நல்லது. 8 மி.மீ சங்கிலி மீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒண்டரைக் கிலோ வரும், முன்னுக்குக் கூடுற பாரம் 15 கிலோ, உங்கட படகு தாங்கும். அப்பிடிச் செய்தா சங்கிலியின்ட இழுவையைத் தாங்க 12 மி.மீ நைலோன் கயிறு 6 மீற்றரைக் கொக்கியால சங்கிலியில மாட்டி, முன்னுக்குள்ள கட்டையில கட்டுங்க. சங்கிலி வாங்க வசதி இல்லாட்டி 8, 10 கிலோப் பாரம் ஒண்டை வளையத்தில கோத்து, கயிறு வழியா 4 மீற்றர் கீழ இறக்கி விடுங்க. கயிறு நிமிர்ந்து கீழ இறங்கி நிக்கும், கீலில மாட்டாது.

அடி சேறு. சேத்தில நங்கூரத்தைப் போட்ட உடன எஞ்சினைப் பின்னுக்கு இழுத்தா அது உழுதுகொண்டு வரும். போட்டு, காத்தில மெதுவாப் பின்னுக்கு வழிய விட்டு, முழு நீளமும் குடுத்து அரை மணித்தியாலம் சும்மா விடுங்க. தன்ட பாரத்தில இறங்கட்டும். மறுகா பின் கியரில 1000 சுத்து, கொஞ்சம் கொஞ்சமா 1500 வரைக்கும், அரை நிமிசம். முகத்துவார வெளிச்சவீட்டையும் எதிர்க்கரையில ஒரு தென்னையையும் குறியா வைச்சுப் பாருங்க, குறி நகர ஒண்ணா.

பாய்மரத்தோட கல்லடிப் பாலத்துக்கு அங்கால போக ஏலாது, அது தெரிஞ்சதுதான். மற்றது, கோடையில முகத்துவாரம் மண்மூடினா மாரி மழை வந்து வெட்டித் திறக்கும் வரைக்கும் படகு உள்ளதான். மூடி இருந்தா நீரோட்டம் இல்ல, காத்து மட்டும்தான் படகைக் கிறுக்கும். திறந்திருந்தா வத்தும் பெருக்கும் சேர்ந்து இழுக்கும், படகு காத்துக்குக் குறுக்கால நிண்டு ஆடும், அந்த நேரம் அடுப்பில கொதிதண்ணி வைக்காதீங்க.

நிழலைச் சொல்லாம விடக்கூடாது. காலமை படகு மேற்கைப் பாக்குது, பின்பக்கம் கிழக்கு. பின்னேரம் கிழக்கைப் பாக்குது, பின்பக்கம் மேற்கு. ரெண்டு நேரமும் வெயில் பின்பக்கத்தாலதான், ஆக்கள் குந்தி இருக்கிற குழிக்குள்ள அடிக்கும். மேல கூடாரம் கட்டினாப் போதும் எண்டு எல்லாரும் நினைக்கிறது, ஆனா உங்களுக்குத் தேவை பின்பக்கம் தொங்குற ஒரு திரை. கூடாரத்தின்ட பின் ஓரத்தில 1.2 மீற்றர் உயரத்தில பச்சை நிழல்வலை கட்டிச் சுருட்டி வைங்க. தார்ப்பாய் வேணாம், காத்தைப் பிடிச்சுப் படகைப் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டும்.

மாமாங்கம்:

தண்ணியும் சமையலும் நான் சொல்லுறன்.

வெயில் காலத்தில ஒரு ஆளுக்குக் குடிக்க 3 லீற்றர், சமைக்க ஒண்டரை, கோப்பை கழுவ ஒண்டரை, மேல் அலம்ப 4. நாலு பேருக்கு, சின்னவன் குறைய எடுத்தாலும், 38 முதல் 40 லீற்றர். 180 லீற்றர்த் தாங்கியில 40 ஐ எப்பவும் கையிருப்பா விட்டா மூண்டரை நாள் தாங்கும். அப்ப மூணு நாளைக்கு ஒருக்கா 120 லீற்றர் ஏத்தோணும், மாமி நிக்கிற நாளில இன்னும் ஒரு கேன் கூட. 20 லீற்றர்க் கேன் வாங்காதீங்க, தோணியில நிண்டு 20 கிலோவைத் தூக்கிப் படகுக்கு மேல வைக்கிறது இடுப்புக்குக் கேடு, ஆளும் தண்ணிக்குள்ள விழும். 10 லீற்றர்க் கேன் பன்னிரண்டு வைச்சிருங்க. பாய் ஏத்துற கயிறில கொக்கி போட்டு வின்ச்சால (கயிறைச் சுத்தி இழுக்கிற உருளை) ஏத்தினா மனுசியும் தனிய ஏத்தலாம்.

குழாய்த் தண்ணி எண்டாலும் தாங்கிக்குள்ள சூட்டில நிக்கிறதால குளோரின் போடோணும். மணம் சேராத 5 சதவீத ப்ளீச் திரவம் லீற்றருக்கு 2 துளி, 100 லீற்றருக்கு 10 மி.லீ. போட்டு அரை மணித்தியாலம் விட்டுப் பாவிங்க. அமுக்கப் பம்பை நிப்பாட்டிப்போட்டு காலால மிதிக்கிற பம்ப் ஒண்டைக் கோப்பை கழுவுற இடத்தில பூட்டுங்க. குழாயைத் திறந்து விட்டுப்போட்டு மறந்து போற பழக்கம் அதோட நிக்கும். மிதிக்கிறதை நிப்பாட்டினாத் தண்ணியும் நிக்கும்.

கடலில நிக்கிற படகுக்காரர் கடல் தண்ணியில கோப்பை கழுவுவினம், சோத்துக்கு மூணிலொரு பங்கு கடல் தண்ணி சேர்ப்பினம். அதை வாவியில செய்யவே வேணாம். பட்டணத்துக் கான் தண்ணி முழுக்க அதுக்குள்ளதான் வருது, முகத்துவாரம் மூடியிருந்தா அது வெளியில போறதும் இல்ல. குளிக்கிறதும், பிள்ளையள் வாய் கொப்பளிக்கிறதும் இந்தக் கணக்கிலதான். சாப்பிட்டு முடிய உடன கோப்பையைக் கடதாசியால வழிச்சுத் துடைங்க, மறுகா விசிறுற போத்தலில சவர்க்காரத் தண்ணி, கடைசியா ஒரு அலசல். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு 2 லீற்றர் காணும். உடுப்புகளைக் கரையில கிணத்தடியில தோய்ச்சுக் காய வைச்சுக் கொண்டு வாங்க. படகில காய வைச்சா உப்புக்காத்துப் பட்டு இரவில திரும்ப ஈரமாகும்.

சமையல் நேரத்தையும் காத்துதான் வைக்குது. வாவித்தோணி அண்ணன் சொன்ன அந்தக் காத்து விழுற இடைவெளி, பத்தரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும், படகுக்குள்ள இருக்க ஏலாத புழுக்கம். அந்த நேரம் அடுப்பு எரிய ஒண்ணா. மத்தியானச் சாப்பாட்டைக் காலமை ஒன்பதரைக்குள்ள முடிச்சு அடுப்பை மூடுங்க. கச்சான் அடிக்கிற நேரம் முன் மூடி (முன்தளத்தில காத்து வாற திறப்பின்ட மூடி) திறந்திருந்தா காத்து நேரா வந்து நெருப்பை அணைக்கும், காஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும். சமைக்கிற நேரம் முன் மூடியை நாலு விரல் அளவுக்கு மட்டும் திறந்து, பின் வாசலை முழுசாத் திறந்து வைங்க.

5 லீற்றர்ப் பிறசர் குக்கர் ஒண்டு கட்டாயம். மூடி பூட்டுப்படுறதால அடுப்பிலயிருந்து சறுக்கினாலும் கொதிச்சது கொட்டாது, சின்னப் பிள்ளை இருக்கிற படகில அதுதான் பெரிய ஆறுதல். பருப்பை அரை மணித்தியாலம் ஊறப்போட்டு ரெண்டு விசில், உடன நெருப்பை அணைச்சுத் துவாயால சுத்தி விட்டா மிச்சம் தன்ட சூட்டில வேகும். புட்டு, இடியப்பம் அவிக்கிறது எண்டா மேல் மூடி திறந்திருக்கோணும். கால் மணித்தியால ஆவி போய்க் கூரைத் துணியில பட்டா ரெண்டு நாளில பூஞ்சணம். எண்ணெய் ஊத்திப் பொரிக்கிற வேலையே படகில வேணாம். பொரிச்ச மீன் ஆசை வந்தாச் சட்டியில எண்ணெய் தடவிப் பிரட்டி எடுங்க.

குளிர்ப்பெட்டி இல்லாட்டி மீனைக் காலமை கரையிலயே வெட்டிக் கழுவிக் கொண்டு வாங்க. குடலையும் செதிலையும் படகடியில கொட்ட ஒண்ணா, காகம் வாறது ஒரு பக்கம், வாவியில முதலை இருக்கு. பால் ஆணம் பின்னேரத்துக்குள்ள பழுதாகும். கொறுக்காவோ புளியோ கூட விட்ட மீன் ஆணத்தை இரவில ஒருக்காக் கொதிக்க வைச்சா அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் நிக்கும். எருமைத் தயிரைச் சட்டியோட வைக்காதீங்க, ஒரு ஆட்டத்தில உடையும். வாங்கின உடன மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாத்துங்க. கருவாட்டை ரெட்டைப் பை போட்டு டின்னுக்குள்ள.

காட்போட் பெட்டி ஒண்டும் படகுக்கு வரக்கூடாது. அதின்ட மடிப்புக்குள்ளதான் கரப்பான் முட்டை வரும். சாமானைக் கரையிலயே பிரிச்சுத் துணிப் பையில கொண்டு வாங்க.

கல்லடிக்காத்து:

வாவித்தோணி அண்ணன், மாமாங்கம் அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. திரையும் கேன் கணக்கும் யோசிக்கவே இல்லாத விஷயம். மலசலகூடத்துக்கும் காஸுக்கும் ஆராவது சொன்னா நல்லம். நேரா வாவிக்குள்ள விட மனம் ஒப்பேல்ல.

ஒலுவில் ஓடாவி:

தம்பி, மனம் ஒப்பாதது சரிதான். பத்தடி தள்ளி ஒரு ஆள் வீச்சு வலை வீசுவார், இறால் பிடிப்பார். அந்தத் தண்ணியில விட ஏலாது. கழிவை உறிஞ்சி எடுக்கிற வசதி வாவிக்கரையில இல்லாததால தேக்கித் தாங்கி பூட்டியும் பிரயோசனம் இல்ல. பம்பில ஒருக்காத் தள்ள ஒண்டரை லீற்றர் போகும், நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 30 லீற்றர். 60 லீற்றர்த் தாங்கி ரெண்டு நாளில நிரம்பினா அதை எங்க கொண்டு போறது?

சலத்தையும் மலத்தையும் பிரிக்கிற உலர் மலசலகூடம் செய்யுங்க. ஒட்டுப்பலகைப் பெட்டி, மேல சாதாரண இருக்கை, முன்பக்கம் சலம் பிரிக்கிற ஃபைபர்க் கிண்ணம், அதிலயிருந்து குழாய் 10 லீற்றர்க் கேனுக்கு. பின்பக்கம் மூடி போடுற 20 லீற்றர் வாளி. தும்புத்தூள் எங்கட பக்கம் தாராளம். 5 கிலோக் கட்டி ஒண்டைத் தண்ணி விட்டு உதிர்த்தா 60 லீற்றருக்கு மேல வரும், மாசம் முழுக்கக் காணும். ஈரப்பதம் முக்கியம். கையில பிடிச்சு அமுக்கினா உருண்டையா நிக்கோணும், தண்ணி சொட்டக் கூடாது. வாளியின்ட அடியில நாலு விரல் தூள், ஒவ்வொரு தரமும் மேல அரை லீற்றர்க் கோப்பையால ஒரு கோப்பை. மணம் எடுத்தாச் சலம் மலத்தோட கலக்குது எண்டு அர்த்தம், இலையான் வந்தா மேற்பரப்பு மூடப்படேல்ல எண்டு அர்த்தம். கொம்பியூட்டருக்குப் பூட்டுற 80 மி.மீ ஃபேன் ஒண்டைக் காத்துக்குழாயில பூட்டி, வெளி வாயில நுளம்பு வலை கட்டுங்க. 0.1 ஆம்பியர்தான் எடுக்கும்.

சலக் கேனை ஒவ்வொரு நாளும், வாளியை ஏழு எட்டு நாளைக்கு ஒருக்காக் கரையில வீட்டு மலசலகூடக் குழியில கொட்டுங்க. நாவலடி மணலில கிடங்கு வெட்டிப் புதைக்க ஒண்ணா. மணலுக்குக் கீழ நல்ல தண்ணி ஆழமில்ல, பக்கத்துக் கிணத்துக்குப் போகும்.

காஸ் காத்தை விடப் பாரம். கசிஞ்சா மேல போகாது, படகின்ட அடிக்குழியில போய்த் தேங்கும். காத்தில நூத்துக்கு ரெண்டு பங்கு சேர்ந்தாப் போதும், ஒரு சுவிட்சுப் பொறியில வெடிக்கும். சிலிண்டரை உள்ள வைக்கவே ஒண்ணா. இருக்கிற குழியின்ட பக்கத்தில, கீழ ஓட்டை வைச்சு அந்த ஓட்டை தண்ணிமட்டத்துக்கு மேல வெளியில திறக்கிற பெட்டிக்குள்ள வைங்க. 2.3 கிலோச் சிலிண்டர் ரெண்டு அந்தப் பெட்டிக்கு அளவு. 12.5 கிலோவைத் தோணியில கொண்டு வந்து ஏத்துறதை விட இது லேசு. சமைச்சு முடிய அடுப்புத் திருகியை மூடாதீங்க, முதல்ல சிலிண்டரை மூடுங்க. குழாயில இருக்கிற மிச்சம் எரிஞ்சு நெருப்புத் தானா அணையட்டும், மறுகா அடுப்பை மூடுங்க. கிழமைக்கு ஒருக்கா மூட்டு எல்லாத்திலயும் சவர்க்கார நுரை. மணம் வந்தா ஒரு சுவிட்சும் தொடாம, மூடி எல்லாம் திறந்து, அடிக்குழியைக் கைப்பம்பால அடிங்க. அடியில தேங்கின காஸும் அதோட வெளியில போகும். மண்ணெண்ணெய் குக்கர் கொண்டு போற யோசனை இருந்தா விடுங்க, ஆட்டத்தில எண்ணெய் ஊத்துப்படும்.

கரண்ட்: மூண்டு ஃபேன் 10 மணித்தியாலம் 12 ஆம்பியர் மணி, எல்ஈடி லைற் 5, ரவுட்டர் 10, ஃபோன், டெப் சார்ஜ் 6, நங்கூர லைற் 2. கூட்டினா 35. 100 வாட் தட்டு இந்த வெயிலில 27, 28 தரும். மாசக் கடைசியில சூரியன் மத்தியானம் கிட்டத்தட்ட உச்சிக்கு நேர வரும், அதால தட்டைச் சரிக்கத் தேவையில்ல, படுக்கையாவே பூட்டுங்க. படகு கிறுகுறதால சரிச்சு வைச்சாலும் அரை நாள் பிழைச்ச பக்கம்தான் பாக்கும். இன்னொரு 100 வாட் போட்டாக் காணும். 40 லீற்றர் குளிர்ப்பெட்டி வைச்சா அது மட்டுமே 45, 50 ஆம்பியர் மணி தின்னும். மூண்டு தட்டு வேணும். ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாது, ஆறின நிலையில 12.2 வோல்ட் எண்டா அதோட நிப்பாட்டுங்க. பாய்மரத்துக் குறுக்குத்தண்டின்ட நிழல் தட்டில ஒரு கை அகலம் விழுந்தாலும் பாதிக்கு மேல போயிடும், தண்டைக் கயிறால ஒரு பக்கம் இழுத்துக் கட்டுங்க.

மாமாங்கம்:

ஓடாவி அண்ணன் சொன்ன உலர் முறை நல்லதுதான், ஆனா எங்கட வீட்டில ஆரும் கடதாசியால துடைச்சுப்போட்டு எழும்புறேல்ல. கழுவுற தண்ணி வாளிக்குள்ள போனா ரெண்டாம் நாளே சேறாகி நாறும். அதை விடத் தூக்கிக் கொண்டு போற கசட் மலசலகூடம் நல்லம். கீழ்த்தாங்கி 20 லீற்றர், கழுவுற தண்ணியும் அதுக்குள்ளயே போகும்.

ஒலுவில் ஓடாவி:

தங்கச்சி கேட்டது சரியான கேள்வி, அதைச் சொல்லாம விட்டுட்டன். எங்கட வீட்டிலயும் தண்ணிதான். கசட் எண்டா நாலு பேருக்கு ஒண்டரை நாளில 20 லீற்றரும் நிரம்பும், நிரம்பினதை ஆடுற தோணியில இறக்கோணும். அதுக்குப் பதிலா, பெட்டிக்குப் பக்கத்தில குளிக்கிற தட்டு இருக்குதானே, அதில ஒரு சின்னப் பலகைச் சட்டம் வைங்க. இருந்து எழும்பி, அந்தச் சட்டத்துக்கு மாறிக் குந்திக் கழுவோணும். 300 மி.லீ அமுக்குற போத்தல் ஒரு தரத்துக்குத் தாராளம். தட்டின்ட தண்ணி வெளியில போற வால்வை மூடி, குழாயை இன்னொரு 10 லீற்றர்க் கேனுக்குத் திருப்புங்க. அதையும் சலக் கேனோட கரைக்குக் கொண்டு போகலாம். சின்னவனுக்கு மாறிக் குந்துறது கஷ்டம், அவனுக்கு மட்டும் சின்னப் பிள்ளையள் இருக்கிற மலச்சட்டி ஒண்டு தனிய வைங்க. மாமிக்கு முழங்கால் ஏலாட்டி அவ நிக்கிற ரெண்டு நாளுக்கு மட்டும் தங்கச்சி சொன்ன கசட்தான் சரி.

முகத்துவாரம்:

பிள்ளையளைப் பற்றி எழுதுறன், மற்றதெல்லாம் பிறகு.

சுத்துக் கம்பி 60 செ.மீ உயரம் இருக்கும், 4 வயசுப் பிள்ளை அதுக்குக் கீழால உருண்டு போவான். படகைச் சுத்தி 5 செ.மீ கண் வலை கட்டோணும். மேல் கம்பியிலயும் கீழ் விளிம்பிலயும் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு முடிச்சு. தங்கூசி வேணாம், வெயிலில முறியும், பின்னின நைலோன் கயிறு எடுங்க. வலை காவல் மட்டும்தான். சட்டம் என்னெண்டா, வாசல் படியைத் தாண்டி வெளியில வாற பிள்ளை மிதவைச் சட்டையோட. கவட்டுக்குள்ளால வாற பட்டி இல்லாத சட்டை தலைக்கு மேலால கழண்டு வரும். அவன்ட நிறைக்கு உள்ளதை வாங்கி, கரையில இடுப்பளவு தண்ணியில போட்டுப் பாருங்க, முகம் மேல திரும்புதா எண்டு. முன்பக்கம் போறதெண்டா இடுப்புப் பட்டியில கயிறு. அந்தக் கயிறு விளிம்புக்கு எட்டாத நீளத்தில இருக்கோணும், எட்டினாத் தொங்குவான்.

பின்பக்க ஏணியின்ட ரெண்டு படி தண்ணிக்குள்ள இறங்கோணும், தண்ணியில இருக்கிற ஆள் கையால இழுத்து விரிக்கக் கூடியதா இருக்கோணும். மேல மடிச்சுக் கட்டின ஏணி விழுந்த ஆளுக்கு உதவாது. 15 மீற்றர் மிதக்கிற கயிறில ஒரு மிதவை கட்டிப் பின்னால விட்டு வைங்க. வாவிக்குள்ள இறங்கிக் குளிக்கிற யோசனையே வேணாம், பொழுதுபடுற நேரம் காலைத் தொங்கப் போட்டு இருக்கிறதும் வேணாம். முதலைக்காகத்தான் சொல்லுறன். இரவில வாசல் பலகை போட்டு அதில ஒரு மணி.

மாமி தோணியிலயிருந்து ஏறுற இடம் பாய்மரக் கம்பி கீழ வந்து பூட்டுற இடம். பின்பக்கத்தை விட அது ஆட்டம் குறைவு, பிடிக்கக் கம்பி இருக்கும். மூண்டு படித் தொங்கேணி, ஒரு ஆள் தோணியை ஒட்டிப் பிடிக்கோணும், ஒரு ஆள் மேல. அவட கையில பை ஒண்டும் இருக்கக் கூடாது.

நுளம்பு ரெண்டு வகை. பொழுதுபட்டா கண்ணாக் காட்டிலயிருந்து வாறது, அதுக்கு ஐந்தரைக்கு முன்னமே மூடி எல்லாத்துக்கும் வலை. காத்தைப் பாதி மறிக்கும், அதால படுக்கைக்கு மேல தனிய வலை தொங்க விட்டு மூடியைத் திறந்து வைக்கிறது நல்லம். டெங்கு நுளம்பு பகலில கடிக்கிறது, அது உங்கட படகிலயேதான் பெருகும். தோணியின்ட அடி, வாளி, நங்கூரச் சங்கிலிக் குழி, பாய் மூடுற துணியின்ட மடிப்பு, கூடாரத்தில தேங்குற தண்ணி. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் காணும், கிழமைக்கு ரெண்டு தரம் எல்லாத்தையும் கவிழ்த்துத் துடைங்க.

மின்னல் நேரம் பிள்ளையள் பாய்மரக் காலுக்குப் பக்கத்தில இருக்க ஒண்ணா. உங்கட படகில அது சாப்பாட்டு மேசையோட சேர்ந்திருக்கும், கவனம். நடுவில, உலோகம் தொடாம இருக்கட்டும். ஃபோன் ஒண்டையும் கையில பிடிக்கிற ரேடியோவையும் ஒரு இரும்பு டின்னுக்குள்ள வைச்சு மூடுங்க. பயந்துபோய் அந்த நேரம் தோணியில கரைக்குப் போறதுதான் கூடாத காரியம்.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் எந்தக் கரைக்கு வரோணும், ஒழுங்கையின்ட பேர் என்ன எண்டு எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில ஒட்டுங்க. மகளுக்கு 9 வயசு, அவ அதை வாசிச்சுச் சொல்லப் பழகோணும்.

கல்லடிக்காத்து:

எல்லாருக்கும் நன்றி. மகளை நாளைக்கே பழக்குறன். கடைசியா ஒண்டு: இரவில சட்டெண்டு பெருங்காத்து வந்தா என்ன செய்யிறது? மாமியும் பிள்ளையளும் உள்ள இருக்கிற நேரம் அதுதான் பயம்.

வாவித்தோணி:

ஓகஸ்டில வாறது இடிமழைக் காத்து. பின்னேரம், இல்லாட்டி முன்னிரவு, மேற்கால தரைப் பக்கம் கறுத்துக் கொண்டு வரும். அந்த நேரம் நீங்க கடல்காத்துக்குக் கிழக்கைப் பாத்து நிக்கிறீங்க. காத்து ஒரே அடியா மேற்குக்கு மாறி அடிக்க, படகு முழு வேகத்தில நங்கூரத்தைத் தாண்டி ஓடி மற்றப் பக்கம் உதைக்கும். நங்கூரம் பிடுங்குறது அந்த ஒரு உதையிலதான். கலப்பை நங்கூரம் பிடுங்கினாலும் திரும்பப் புதையும், ஆனா நுனியில ஒரு வலைத்துண்டோ பையோ மாட்டியிருந்தாப் புதையாது, இழுபட்டுக் கொண்டே வரும்.

ஆகவே மேற்கால மின்னல் கண்ட உடன, காத்து வர முன்னமே, கூடாரத்தைக் கழட்டுங்க. எல்லாத்துக்கும் முதல் அது. 10 சதுர மீற்றர் துணி காத்தில நிண்டா எந்த நங்கூரமும் காணாது. கூடாரம் இல்லாமப் படுக்கிறதுதான் இரவுப் பழக்கமா இருக்கோணும், பனி பெய்தாலும். அடுத்தது கயிறை இன்னும் 8 மீற்றர் விடுங்க, சுத்திவர அதுக்கு இடம் இருந்தா. தோணியைப் பக்கத்தில கட்டாம, தண்ணியிலயிருந்து தூக்கிக் கட்டுங்க, நீளக் கயிறில விட்டாக் கவிழும். பிள்ளையள், மாமி உள்ள, வாசல் பலகை போட்டு. எஞ்சினைத் தட்டி வைச்சு, காத்துப் பிடிச்ச உடன முன் கியரில மெதுவா. நங்கூரத்துக்கு வாற இழுவையைக் குறைக்க மட்டும், அதைத் தாண்டி ஓட இல்ல. கயிறு எப்பவும் முன்னுக்கு நிமிர்ந்து தெரியோணும்.

ஃபோனில நங்கூர எச்சரிக்கையை நங்கூரம் விழுந்த புள்ளியில வைச்சு 40 மீற்றருக்கு வைங்க, படகு நிக்கிற இடத்தில வைச்சா காத்துக் கிறுகிற ஒவ்வொரு தரமும் கத்தும். கூட விட்ட 8 மீற்றருக்கு அதையும் 48 ஆக்குங்க. ஆழம் காட்டுற மீற்றரில 1.7க்கு எச்சரிக்கை. ரெண்டாவது நங்கூரம், 10 கிலோத் தட்டை வகை, 5 மீற்றர்ச் சங்கிலி, 30 மீற்றர்க் கயிறு, பின்னுக்குக் கையெட்டுற இடத்தில சிக்கில்லாமச் சுத்தி வைங்க. படகு வழியுது எண்டு தெரிஞ்சா முதல்ல இருக்கிற கயிறை விடுங்க, பிடிக்கேல்ல எண்டா இதைப் போடுங்க. பிடுங்கின நங்கூரத்தை இருட்டில தூக்கி ஓடி வேற இடம் தேடாதீங்க, அந்தத் தண்ணியில வலைக் கயிறு எஞ்சின் காத்தாடியில சுத்தினா எஞ்சினும் போச்சு.

லைற்றையும் சொல்லி விடுறன். நங்கூரத்தில நிக்கிற படகுக்குச் சுத்திவரத் தெரியிற வெள்ளை லைற் சட்டப்படி வேணும், வழமையா அதைப் பாய்மர உச்சியில பூட்டுறது. ஆனா இரவில இறாலுக்குப் போற தோணிக்காரர் தண்ணிமட்டத்தைத்தான் பாப்பினம், 12 மீற்றர் உயரத்து லைற் அவைக்குக் கரை லைற்றோட கலந்து போகும். மேல்தளத்திலயிருந்து ஒண்டரை மீற்றர் உயரத்தில இன்னொண்டு கட்டுங்க. அந்தப் பக்கத்து மீனவர் சங்கத்தில போய், எந்த இடத்தில வலை வைப்பினம், எந்த வழியால தோணி போகும் எண்டு கேட்டு, உங்கட இடத்தையும் காட்டி விடுங்க. அவையின்ட வழியில நிண்டா நீங்கதான் நகரோணும்.

கயிறு முன் உருளையில உரசுற இடத்துக்குத் தோட்டக் குழாய் 40 செ.மீ துண்டு, நெடுகப் பிளந்து மாட்டி ரெண்டு முனையும் கட்டுங்க. காலமையும் படுக்க முன்னமும் அதைத் தொட்டுப் பாத்து, அஞ்சு விரல் அளவு கயிறை விட்டோ இழுத்தோ உரசுற இடத்தை மாத்துங்க. மூண்டு நாளைக்கு ஒருக்கா, தண்ணி ஏத்துற நாளில காலமை கச்சான் மெல்லிசா இருக்கிற நேரம், நங்கூரத்தைத் தூக்கிக் கழுவி, நுனியில மாட்டினதை எடுத்து, திரும்பப் போட்டு முதல் நாள் மாதிரியே அரை மணித்தியாலம் விட்டு இழுங்க. சங்கிலியில கறுத்த சேறு பிடிச்சிருந்தா நல்லாப் புதைஞ்சிருக்கு. பளபளப்பாக் கழுவுப்பட்டு வந்தா அது அடியில இழுபட்டுத் திரிஞ்சிருக்கு, இடத்தை மாத்துங்க.